தங்கமாரி வாங்கிய ஐபோன்

தங்கமாரி கையில் டம்ளரைக் கொடுத்தால் உடனே குடிக்க மாட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சுற்றுத் திருப்பி, கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாய்க்குக் கொண்டுபோவாள். ஐபோன் செய்யும் கம்பெனியில் ஐந்து வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. முடிந்து வருகிற போனை விளக்குக்கு அடியில் பிடித்துக் கீறல் பார்க்க வேண்டும். ஒரு போனுக்கு அரை நிமிஷம்கூடக் கிடையாது. அதற்குள் நான்கு மூலை, கண்ணாடி, கேமரா வளையம், அடியில் இருக்கிற இரண்டு திருகாணி எல்லாவற்றையும் பார்த்துத் தள்ளிவிட வேண்டும். அந்தக் கண்ணை அவளால் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடியவில்லை.

சேரப்பணஞ்சேரியில் அவள் தங்கியிருந்த பெண்கள் ஹாஸ்டலில் நான் பெருக்கித் துடைக்கும் வேலை செய்கிறேன். கம்பெனி வேலைக்கு ப்ளஸ் டூ வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள். மாடிக்கு மாடி துடைப்பத்தோடு போகும்போது எந்த அறைப் பேச்சும் நிற்காது. நான் இருப்பதே பலருக்குத் தெரியாது. தங்கமாரி மட்டும் காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்பாள்.

அவளுக்கு ஊர் நாங்குநேரிப் பக்கம். அப்பா பெயர் வனமாமலை, வாழைத் தோட்டத்தில் கூலி. பத்தொன்பது வயதில், ஆள் எடுக்க வந்த பஸ்ஸில் ஏறி இங்கே வந்தாள். காண்ட்ராக்டர் மூலமாகத்தான் வேலை. கம்பெனி அட்டையில் அவள் படம் இருந்தாலும் சம்பளம் போடுகிறவர் காண்ட்ராக்டர். ஆனாலும் ஐபோனைப் பற்றிப் பேசினால் "எங்க போன்" என்றுதான் சொல்லுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி துவைக்கும்போது இதை வைத்துப் பெரிய சண்டை நடக்கும். எதிர்க்கட்சி கவியா. அவளும் அதே கம்பெனிதான், பக்கத்து ஊர்க்காரிதான். ஆனால் ஆண்ட்ராய்டை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

"ஒங்க போன்ல பிடிச்ச பாட்டை ரிங்டோனா வைக்க எத்தனை பேரைக் கேக்கணும்? எனக்கு ரெண்டு தட்டு, முடிஞ்சுது."

"ஆமா, ஒன் போன்ல வாட்ஸாப்பைத் தொறந்துவிட்டுட்டு நீ குளிச்சு முடிச்சே வந்திரலாம். அப்பவும் சுத்திக்கிட்டே கெடக்கும்."

"பழசாச்சு, சுத்துது. ஒங்க போனுக்கு வயசே ஆகாதோ?"

"ஆறு வருஷம் ஆனாலும் அப்படியே ஓடும். கண்ட விளம்பரமும் வராது. மரியாதையான போனு."

"அது சரி, ஏ தங்கமாரி, இப்போ ஒன் கையில இருக்கது என்ன போனு?"

மாடி முழுக்கச் சிரிக்கும். அவள் கையில் இருந்ததும் ஆண்ட்ராய்டுதான். அதுவும் திரையில் குறுக்கே வெடிப்பு விழுந்தது. "லட்சம் ஐபோனைத் தொட்டவ, ஒண்ணுலகூட ஹலோ சொன்னதில்ல" என்று கவியா முடிப்பாள். தங்கமாரியும் சேர்ந்துதான் சிரிப்பாள். ஆனால் பிறகு பிழிகிற துணியை நார் நாராகப் பிழிவாள்.

அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை சண்முகசுந்தரம். தூரத்து முறை. மறைமலை நகரில் கார் உதிரிப் பாகம் செய்யும் இடத்தில் வேலை. தை மாதம் கல்யாணம். ஞாயிறு தவறாமல் பைக்கில் வருவான். வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு, திருநீறு மடித்த காகிதத்தோடு ஹாஸ்டல் கேட்டில் நிற்பான். ஆண்களுக்கு கேட்டைத் தாண்டி அனுமதி இல்லை. அவனும் ஆண்ட்ராய்டு கட்சி. கவியாவைவிட மோசம். எந்த போனில் எத்தனை ஜிபி, எது எவ்வளவு நேரத்தில் சார்ஜ் ஏறும் என்று எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பான்.

"அவ்வளவு துட்டைக் கொடுத்து வாங்கிட்டு, ஒரு மெமரி கார்டு சொருக முடியுமா அதுல? அவன் சொல்லுத மாதிரிதான் நாம நடக்கணும். இதுக்குப் பேரு போனா?"

"நீங்க ஒரு நா கையில வச்சுப் பாத்தாத் தெரியும்."

"நீ வாங்கிக் காட்டு புள்ள, நான் கட்சி மாறுதேன்."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் அதை மனதில் வைத்துக்கொண்டாள். மூன்று மாதம் ஒரு ஞாயிறுகூட மீதம் வைக்காமல் ஓவர்டைம் பார்த்தாள். கேட்டில் வந்து நின்றவன் இரண்டு மூன்று தடவை அவளைப் பார்க்காமலே திரும்பிப் போனான். புது ஐபோன் அவள் கைக்கு எட்டாது. பழையது வாங்கலாம் என்று முடிவு செய்து, "தனியா போக ஒரு மாதிரியா இருக்கு, நீ வாக்கா" என்று என்னைக் கூப்பிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரகடம் கூட்டுரோட்டில் கார்முகில் என்பவருடைய கடைக்குப் போனோம். பழைய போன் வாங்கி விற்கிற கடை. அவர் மூன்று ஐபோனை எடுத்து வைத்தார். தங்கமாரி மேசை விளக்கை அருகே இழுத்துக்கொண்டாள். அவள் கம்பெனியில் வேலை செய்வதை நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். முதல் போனைத் திருப்பியவுடன் தள்ளிவிட்டாள்.

"இது கீழ விழுந்திருக்கு."

"எங்க விழுந்துகீது? நல்லாப் பாரும்மா."

"இந்த மூலையில தடவிப் பாருங்க."

அவர் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு அதை எடுத்து உள்ளே வைத்தார். இரண்டாவது போனில் திரை மாற்றியிருக்கிறது என்றாள். "இன்னாம்மா, எக்ஸ்ரே கண்ணா உனக்கு?" என்று அவர் சிரித்தார். மூன்றாவதைத்தான் வெகு நேரம் பார்த்தாள். திருகாணித் தலையில்கூட ஒரு தேய்மானம் இல்லை. திரையில் ஒவ்வொரு பாஷையாக வணக்கம் வந்து போய்க்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் அழிச்சி புதுசு மாதிரி வச்சிகினு கீறேன். பார்ட்டியே ஒரு வருஷம்தான் யூஸ் பண்ணிச்சி" என்றார் கார்முகில்.

"இது என் மேசைக்கு வந்திருந்தா நான் பாஸ் பண்ணியிருப்பேன்க்கா" என்று என் காதருகே சொன்னாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தவறு அங்கேதான் நடந்தது. அவள் மேசைக்கு வருகிற போன் எதுவும் யாருக்கும் சொந்தமில்லாதது. அது வணக்கம் சொல்லும், இவள் பார்ப்பாள், தள்ளுவாள். அதற்குமேல் அந்த போனுக்கு என்ன வாழ்க்கை என்று அவளுக்குத் தெரியாது. ஐபோனில் முதலில் வைத்திருந்தவர் தன் கணக்கை எடுத்துவிட்டுக் கொடுக்காவிட்டால், உள்ளே இருப்பதை எல்லாம் அழித்தாலும் அடுத்தவருக்கு அது திறக்காது. போனின் மேல்தோலில் ஊசி முனைக் கீறலைக் கண்டுபிடிக்கிறவளுக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்கே திறந்திருந்தால் கடையோடு முடிந்திருக்கும். சண்முகசுந்தரம் முன்னால்தான் திறக்க வேண்டும் என்று துணிக்குள் சுற்றி வைத்துவிட்டாள்.

மறுநாள் கேட்டில் அவன் தன் போனிலிருந்து நெட் கொடுத்தான். அவள் ஒவ்வொன்றாக அமுக்கினாள். மூன்றாவதோ நான்காவதோ திரையில் போன் பூட்டியிருப்பதாக வந்தது. ஒரு மெயில் முகவரி, முதல் எழுத்து மட்டும் தெரிந்து மீதி எல்லாம் புள்ளியாக இருந்தது. அதற்குப் பாஸ்வேர்டு கேட்டது. நான் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏ புள்ள, இது யாரு போனு?" என்று கேட்டுவிட்டு அவன் சிரிக்க ஆரம்பித்தான். பைக் சீட்டில் தட்டித் தட்டிச் சிரித்தான். "ஐபோன் செய்யுதவளுக்கே ஐபோன் தொறக்கலையா! நில்லு நில்லு, இப்படியே நில்லு."

பூட்டின திரையை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தான். அவள் வெட்கப்பட்டு அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். அவளும்தான் சிரித்தாள். அவன் அதை அப்படியே வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டான். 'கம்பெனியிலிருந்து ஒண்ணு சுட்டுட்டு வந்திருக்கா எங்காளு. தொறக்க மாட்டேங்குது' என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சி மூன்று.

திங்கட்கிழமை அவள் கார்முகிலிடம் போனாள். "பார்ட்டியைக் கேட்டுச் சொல்றேன், ரெண்டு நாள் டைம் குடு" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கம்பெனி வாசலில் அவள் அட்டை வேலை செய்யவில்லை. பத்து மணிக்குக் காண்ட்ராக்டர் ஆபீசிலிருந்து ஒருவர் ஹாஸ்டலுக்கே வந்துவிட்டார். வார்டன் செல்வலட்சுமி அம்மா அறையில் தங்கமாரியை நிற்க வைத்துத் தன் போனில் இருந்த படத்தைக் காட்டினார். சண்முகசுந்தரத்தின் நம்பர் வைத்திருந்த ஊர்க்காரர்களில் யாரோ அனுப்பி, அது கம்பெனியில் இவள் வேலை பார்க்கும் லைன் வரைக்கும் வந்திருந்தது.

"அது வெளையாட்டுக்குப் போட்டது சார். ஒரகடத்துல காசு கொடுத்து வாங்கினேன்."

"பில்லு?"

கொடுத்தாள். கடை முத்திரை இருந்தது. ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கிற நம்பர் அதில் எழுதியிருக்கவில்லை.

"இது எந்த போனுக்கு வேணா பொருந்தும். வாங்குனதை யாராவது பார்த்தாங்களா?"

அவள் என்னைக் காட்டினாள். நான் வாளியை வைத்துவிட்டுப் போய் நின்றேன். "நான் கூடப் போனேன் சார். என் கண்ணு முன்னாடிதான் வாங்குச்சி" என்றேன்.

"நீ இங்க இன்னா வேலைம்மா பண்றே?"

"பெருக்கறது சார்."

அவர் தாளில் எதுவும் எழுதவில்லை. சிம் போடும் தட்டை உருவி, அதில் பொடியாக இருந்த நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை மத்தியானமே பதில் வந்துவிட்டது. அந்த நம்பர் இங்கே செய்த போனுடையது இல்லை. வேறு ஏதோ தேசத்தில் செய்தது. அன்று சாயங்காலம் கார்முகிலும் கூப்பிட்டார். போனை முதலில் வைத்திருந்தது ஸ்ரீபெரும்புதூரில் சன்னதித் தெருப் பக்கம் ஜாஹ்னவி என்று ஒரு காலேஜ் பெண். கடையிலிருந்தே அவளிடம் பேசினோம்.

"ஐயோ, சாரிக்கா! புதுசு வாங்கறச்சே கடையில அப்படியே குடுத்துட்டேன். அவாளே அழிச்சுப்பான்னு நெனச்சேன். ஒரு நிமிஷம் இருங்கோ... ஆங், எடுத்துட்டேன். இப்போ பாருங்கோ."

உட்கார்ந்த இடத்திலேயே ஒரு விரலால் எடுத்துவிட்டாள். போன் திறந்தது. தங்கமாரி "தேங்க்ஸ் மேடம்" என்றாள்.

வியாழக்கிழமை அதை எடுத்துக்கொண்டு காண்ட்ராக்டர் ஆபீசுக்குப் போனாள். அதே ஆள்தான் இருந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லையாம்.

"நீ எடுக்கலேன்னு தெரியுதும்மா. ஆனா லைன்ல பாதிப் பேர் போன்ல உன் படம் கீது. நாளைக்கி உள்ள ஒரு பொருள் குறைஞ்சா எல்லாரும் உன்னைத்தான் பார்ப்பாங்க. எதுக்கு? கொஞ்ச நாள் போகட்டும், ஆள் வேணும்னா கூப்பிடறோம்."

இந்தக் 'கூப்பிடறோம்' ஹாஸ்டலில் எல்லோருக்கும் தெரியும். கூப்பிட்டு யாரும் போனதில்லை. வேலை போனதைக்கூட அவள் அவ்வளவாகப் பேசவில்லை. சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது தன்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்துகிறார்கள் என்பதைத்தான் பேசினாள். அறையில் ஒருத்தி தன் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டிருந்தாள். ஊரில் அப்பாவிடமும் யாரோ அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சண்முகசுந்தரம் வந்தான். அல்வாப் பொட்டலத்தை நீட்டினான்.

"போன் தொறந்துட்டுல்லா? பொறவு என்ன? மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

"எனக்கு ஒண்ணு செய்யுங்க. இன்னொரு ஸ்டேட்டஸ் போடுங்க. அது கடையில காசு கொடுத்து வாங்கினது, நான் விளையாட்டுக்கு எழுதினேன்னு போடுங்க. பில்லு இருக்கு, அந்த நம்பர் இருக்கு, ரெண்டையும் சேத்துப் போடுங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

"அது ஒரு நாள்ல தானா அழிஞ்சு போச்சு புள்ள. எதுக்குத் திரும்பக் கிளறணும்?"

"ஒங்க போன்ல அழிஞ்சுது."

"இப்போ போய் நான் மன்னிப்பு மாதிரி எழுதினா, பயலுவ என்னை வச்சு ஓட்டுவானுவ. பொண்டாட்டிக்கு இப்பவே பயப்படுதான்னு. ஒனக்குத் தெரியாது அவனுவளை."

"என்னைத் திருடின்னு சொல்லுதாங்க."

"யாரு சொல்லுதா? நாந்தான் ஒன்னைக் கட்டிக்கப் போறேன், நான் சொல்லலைல்லா? அது போதாதா?"

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்ப்பதுபோல இல்லை. அவசரமில்லாமல் பார்த்தாள். பிறகு அல்வாப் பொட்டலத்தை பைக் சீட்டின்மேல் வைத்தாள்.

"எங்க அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

"என்னன்னு?"

"வேண்டாம்னு."

"ஒரு போனுக்காகவா?" என்று அவன் கேட்டான். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான் என்று எனக்குத் தோன்றியது. அவள் உள்ளே வந்துவிட்டாள்.

இப்போது அவள் படப்பை ரோட்டில் அட்டைப்பெட்டி மடிக்கிற ஷெட்டில் வேலை பார்க்கிறாள். சம்பளம் பாதிதான். அங்கே யாருக்கும் அவள் படம் தெரியாது. போனை மட்டும் விற்கவில்லை. அதில்தான் ஊருக்குப் பேசுகிறாள். அப்பா இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்த கவியா, ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று தங்கமாரியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சண்முகசுந்தரமும் அவன் அம்மா உச்சிமாகாளியும் எல்லாரிடமும் ஒரே கதையைத்தான் சொல்லுகிறார்களாம். பெண்ணுக்குக் கையில் ஐபோன் வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது, மாப்பிள்ளை ஆண்ட்ராய்டு வைத்திருக்கிறான் என்று வேண்டாம் என்றுவிட்டாள், என்று. டீக்கடையில்கூட அதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம்.

"நான் போய் உண்மையைச் சொல்லட்டுமா? எங்க சித்தப்பா வீடு அங்கனதான இருக்கு" என்றாள் கவியா.

தங்கமாரி கேட்டாள்:

"திருடின்னு யாராவது சொன்னாங்களா?"

"அதெல்லாம் இப்போ யாரும் பேசல. இதான் பேச்சு."

"அப்ப இதுவே இருக்கட்டும். நீ ஒண்ணும் சொல்லிராத."