முறை நாளில் வரும் ஈ-3

போன ஞாயிறு பகலில், எருமப்பட்டி பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டின் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு அடுப்பின் மேனுவலைப் படித்துக்கொண்டிருந்தேன். அடுப்பின் மேல் அரை வேக்காட்டில் அரிசி. ஹாலில், இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சோற்றுக்காகக் காத்திருக்கும் என் மாமியார்.

அடுப்பு என்றால் சாதாரண அடுப்பு இல்லை. கிரானைட் மேடைக்குள் பதித்து, கறுப்புக் கண்ணாடி போட்ட எலெக்ட்ரிக் ரேஞ்ச். தொட்டால் பீப் அடிக்கும் பேனல். என் மனைவியின் தம்பி செந்தில், புது வீடு கட்டியபோது வாங்கியது. அதைக் கேள்விப்பட்ட அண்ணன் தங்கராசு, பக்கத்திலேயே இருக்கும் தன் வீட்டில் அதே கம்பெனி, அதே மாடலை வாங்கிப் பதித்துவிட்டார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று பல வருஷமாகிறது. போட்டி போடப் பேச்சு எதற்கு?

பேனலில் சிவப்பாக ஈ-3 என்று மின்னியது. பீப்... பீப்... பீப். அணைந்துவிட்டது.

“வந்துருச்சுங்ணா, சனியன்!” என்றாள் செந்திலின் மனைவி கோகிலா.

செய்ய வேண்டியதை எல்லாம் செய்தோம். பேனலைத் துணியால் துடைத்தோம். மெயினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். பாத்திரத்தை மாற்றினோம். வேறு பர்னரில் வைத்துப் பார்த்தோம். ஒரு மெஷினிடம் மனிதர்கள் காட்டுகிற பொறுமை இருக்கிறதே... அது வேறு யாருக்கும் கிடைப்பதில்லை.

“பேனல்தான் போயிருச்சுங்க மச்சான்,” என்றான் செந்தில். “சர்வீஸ் ஆளு வந்து ஒருக்கா போர்டே மாத்திட்டுப் போனான். அன்னிக்கு நல்லா வேல செஞ்சுது. மறுநாளே இந்தக் கூத்து.”

“நேத்துகூட நல்லாத்தான இருந்துச்சு,” என்றாள் கோகிலா. “முந்தாநேத்து வந்துச்சு. இன்னிக்கு வந்துருச்சு.”

ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழுதாகிற மெஷினை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. மனிதர்கள்தான் அப்படி நாள் பார்த்துப் பழுதாவார்கள்.

மேனுவலில் ஈ-3க்கு நேராக ஒரே வரி: மின்னழுத்தம் குறைவு. எழுந்து போய் ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசரைப் பார்த்தேன். அதன் எண்கள் பாதாளத்தில் கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே, மோட்டார் ஓடும் சத்தம். தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். பாகம் பிரித்தபோது நிலத்தை இரண்டாக்க முடிந்தது. கிணற்றை முடியவில்லை. அதனால் முறை. ஒரு நாள் அண்ணன் தண்ணீர் பாய்ச்சுவார், மறுநாள் தம்பி. மூன்று ஃபேஸ் கரன்ட் இல்லாத நேரத்தில், இருக்கிற இரண்டு ஃபேஸிலேயே மோட்டாரை ஓட்ட ஒரு கண்டன்சரை மாட்டிக்கொள்வது இந்தப் பக்கம் ஊரறிந்த ரகசியம். மோட்டார் ஓடும். சுற்றியுள்ள வீடுகளில் வோல்டேஜ் விழும். விளக்கு மங்கும். பேனல் வைத்த அடுப்பு மட்டும் மங்காது... ஈ-3 காட்டிவிட்டுப் படுத்துவிடும்.

“மோட்டாரை ஒரு அரை மணி நிறுத்தச் சொன்னால் சோறு வெந்துவிடுமே?” என்றேன்.

கோகிலா செந்திலைப் பார்த்தாள்.

“இன்னிக்கு அவுரு முறைங்க மச்சான்,” என்றான் செந்தில், தரையைப் பார்த்துக்கொண்டு.

தெரிந்திருக்கிறது! கணவன், மனைவி இருவருக்குமே தெரிந்திருக்கிறது. செந்திலின் முறை நாளில், கோகிலா சமைக்கும் நேரத்துக்கு மோட்டார் நிறுத்தப்படுகிறது. அண்ணன் முறை நாளில், அண்ணன் வீட்டுச் சமையல் முடிந்ததும் மோட்டார் போடப்படுகிறது. சர்வீஸ் ஆளிடம் மட்டும் இதை யாரும் சொல்லவில்லை. சொன்னால் அவன் என்ன சொல்வான்? ‘அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க’ என்பான். அதைவிட போர்டு மாற்றுவது சுலபம்.

சிலிண்டர் இல்லையா என்று கேட்காதீர்கள். ரேஞ்ச் வந்த பிறகு அதை யார் நினைத்தார்கள்? எப்போதோ தீர்ந்துபோய், கொல்லைப்பக்கம் துணி காயப்போட உதவுகிறது. விறகடுப்பைப் புது வீட்டுக்காக இடித்தாகிவிட்டது.

ஹாலில் அத்தையின் நெற்றி வியர்த்திருந்தது. கை லேசாக நடுங்கியது. என் மனைவி ஓடிப்போய் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தாள்.

“நீ போய் உன் அண்ணனிடம் சொல்லேன்,” என்றேன் அவளிடம்.

“நானா? பொறந்த ஊட்டு வெவகாரத்துல வாயத் தொறந்தா, வர்ற தீவாளி நோம்பிக்கு ரெண்டு ஊட்டுக் கதவும் சாத்திக்கும். நீங்க போங்க. மாப்ளைன்னு மரியாத இருக்குது.”

போனேன். தங்கராசு சாப்பிட்டு முடித்துத் துண்டில் கை துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

“வாங்க மாப்ள! அம்மணி வரலீங்களா? கோழிக் கொழம்பு இருக்குது, ஒரு வாய் சாப்புட்டுப் போலாம் வாங்க.”

விஷயத்தைச் சொன்னேன். ஊசி போட்டாகிவிட்டது, அடுப்பு எரியவில்லை, அரை மணி நேரம் மோட்டாரை...

“அடுப்பு எரியலைன்னா கம்பெனிக்காரனக் கூப்புடோணும். மோட்டாரு என்ன பண்ணுச்சு பாவம்?”

“வோல்டேஜ் விழுதுங்க.”

“அது எனக்குத் தெரியாதுங்களா?” சிரித்தார். “போன மாசம் அம்மா எங்கூட்ல இருந்துச்சு. அவன் முறையன்னிக்கு எங்கூட்டு அடுப்பும் இதே ஈ-3தான். ஒரு நாளாச்சும் நிறுத்துனானான்னு கேட்டுட்டு வாங்க.”

கிணற்றைப் போலவே அத்தைக்கும் முறை உண்டு. கிணற்றுக்கு நாள் கணக்கு. அத்தைக்கு மாதக் கணக்கு.

“இருந்தாலும், அம்மாவுக்கு...” என்று இழுத்தேன்.

“இந்த மாசம் அம்மா அங்கதானுங்க? அப்ப அவன் வந்து கேக்கட்டும். ‘அண்ணா, நிறுத்துங்க’ன்னு ஒரு வார்த்த. நிறுத்திப்போட்டுத்தான் மறுவேல பாப்பேன்.”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “தம்பி, அத்தைக்குக் கொஞ்சம் சோறு போட்டுத் தரட்டுங்களா?”

தங்கராசு திரும்பிப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

“...வேண்டாம் உடுங்க. கோகிலா தப்பா நெனச்சுக்குவா,” என்று அந்தக் குரலே முடித்துக்கொண்டது.

திரும்பி வந்தேன். செந்தில் வாசலிலேயே நின்றிருந்தான். “என்ன சொன்னாருங்க?”

“நீ வந்து ஒரு வார்த்தை கேட்கணுமாம்.”

“அவருகிட்டப் போயி நிக்கறதுக்கு, அந்தக் கெணறே வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவேன் மச்சான்,” என்றான்.

அத்தை சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தார். நடுக்கம் குறைந்திருந்தது. “ஏம்மா, மயக்கமா வருதுன்னு முன்னாடியே சத்தம் போட்டிருக்கலாமில்ல?” என்று என் மனைவி கடிந்துகொண்டாள்.

“சத்தம் போட்டா ரெண்டு பேருத்துல ஒருத்தனச் சொன்ன மாதிரி ஆயிருமே சாமி,” என்றார் அத்தை.

கொஞ்ச நேரத்தில் அண்ணனின் தொட்டி நிறைந்திருக்க வேண்டும். மோட்டார் நின்றது. ஈ-3 மறைந்தது. பேனல் ஒன்றும் தெரியாததுபோல் பீப் அடித்தது. ஊறிக் குழைந்திருந்த அரிசி ஒருவழியாகச் சோறாயிற்று.

செந்தில் முகத்தில் ஒரு வெளிச்சம். கேட்காமலே ஜெயித்துவிட்டானாம்.

பத்திரிகை வேலையில் இருந்தபோது, தீ விபத்துச் செய்தி வந்தால் ‘மின்கசிவு காரணமாக இருக்கலாம்’ என்று எழுதுவோம். காரணம் தெரியாதபோது அப்படி எழுதுவோம். காரணம் நன்றாகத் தெரிந்து, எழுத முடியாதபோதும் அப்படித்தான் எழுதுவோம். குடும்பங்களிலும் அதே பழக்கம். பேனல் கோளாறு, சம்சாரம் சரியில்லை, கிரகம் சரியில்லை, வேலைப்பளு... எத்தனை வீடுகளில் எத்தனை மின்கசிவுகள்!

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இரண்டு பேரும் ஓடி வருவார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று கண் கலங்குவார்கள். அந்த அளவுக்கு முற்றட்டும் என்றுதான் காத்திருக்கிறார்களோ என்னவோ. பாசத்துக்கும் ஒரு குறைந்தபட்ச வோல்டேஜ் வேண்டியிருக்கிறது.

சேலம் திரும்பும் வழியில் என் மனைவி, “எங்கப்பன் அந்தக் கெணத்த வெட்டாமயே இருந்திருக்கலாம்,” என்றாள்.

புதன்கிழமை செந்தில் போன் செய்தான். குரலில் உற்சாகம். “கம்பெனியில ஒத்துக்கிட்டாங்க மச்சான்! புதுப் பேனல் மாத்தித் தராங்களாம்.” வாழ்த்துச் சொன்னேன். வேறென்ன சொல்ல?

நேற்று மதியம் என் மனைவி அம்மாவுடன் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். ஊசி போட்டாச்சா என்று கேட்டாள். பின்னணியில் தடதடவென்று ஏதோ ஓடும் சத்தம்.

“இன்னும் இல்லம்மணி. ஊசியக் கையிலதான் வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். மோட்டாரு ஓடுது... நின்னதும் போட்டுக்கறேன்.”

டாக்டர் சீட்டில் ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று மட்டும்தான் இருக்கிறது.