கட்டை வேண்டாம் என்று சொன்னது நான்தான்

இரண்டு வருடங்களுக்கு முன், மழை விட்டு வெயில் தலைகாட்டிய ஒரு வாரத்தில், சேரம்பாடிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் ஊரில் நடந்தது இது. அப்போது ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்தேன். எங்கள் வகுப்பில் பெண்கள் என்னையும் சேர்த்து இரண்டே பேர். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். எந்த வண்டியில் என்ன சத்தம் வந்தாலும் கூப்பிடாமலே போய் நிற்பேன்.

எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஓர் அக்கா இருந்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டே லைசென்ஸ் எடுத்து, ஓர் இலை ஏஜெண்டிடம் பிக்கப் ஓட்டச் சேர்ந்திருந்தார். சிறு தோட்டக்காரர்களிடம் பச்சை இலையை எடை போட்டு வாங்கி ஃபேக்டரிக்குக் கொண்டுபோவது ஏஜெண்டின் தொழில். எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் பிக்கப் ஓட்டிய முதல் பெண் அவர்தான். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வேன் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். இரண்டு மாதம் முடிந்திருந்தது.

வண்டி பழசு. செல்ஃப் ஸ்டார்ட்டர் மக்கர் பண்ணும் என்பதால் இலை ஏற்றும் இடத்தில் இன்ஜினை அணைக்க முடியாது. நியூட்ரலில் ஓடவிட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின் டயருக்குக் கட்டை போட வேண்டும். மேட்டில் கட்டை போடாத டிரைவர் எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் இந்த வண்டியின் ஹேண்ட்பிரேக் 'டக் டக்'கென்று ஒன்பது பல் இழுத்தும் பிடிக்காது. அக்கா கால் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்துகொண்டு, யாராவது கட்டை போடுங்கள் என்று கூப்பிட வேண்டியிருந்தது. இலை கொண்டுவரும் ஆண்களுக்கு அது தினசரி வேடிக்கை.

"ஏனுங்க, டிரைவரம்மா கூப்பிடறாங்க. கட்டையும் நீங்களே போட்டு, வண்டியும் நீங்களே ஓட்டிக் குடுத்துருங்க."

"பாப்பா, இதை மட்டும் சரி பண்ணிக் குடு. இவங்க வாய அடைக்கணும்" என்று அக்கா என்னிடம் சொன்னார். ஏஜெண்டிடம் கேட்டால், உனக்கு இழுக்கத் தெரியவில்லை என்பாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனருடன் உட்கார்ந்தேன். ஃபோனில் ஒரு வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். பின் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மைத் திறந்து, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் லைனர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று அதில் ஒருவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நிதானம் எனக்கு ஒத்துவரவில்லை. தள்ளிவிட்டு, லீவருக்குக் கீழே இருக்கும் நட்டை முறுக்கும் இடத்துக்குப் போனேன். கேபிள் இறுகியது. ஒன்பது பல் மூன்றாகக் குறைந்தது. வீட்டுக்கு முன்னாலிருக்கும் சரிவில் வெறும் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் பார்த்தோம். அசையவில்லை. அக்கா எனக்கு முட்டை போண்டா வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் என் கைவேலையைப் பார்க்க நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். முக்கால் வண்டி இலை சேர்ந்தபிறகு ஒரு நீண்ட ஏற்றம். பாதி வழியில் கருகல் வாசனை வந்தது.

"என்ன பாப்பா, தீயுற மாதிரி இருக்கே?"

"புதுசா டைட் பண்ணியிருக்கில்ல. ஓட ஓடச் சரியாயிடும்க்கா."

நான் அளவுக்கு மீறி இறுக்கிய கேபிள், ஹேண்ட்பிரேக்கை இறக்கிய பிறகும் லைனரை விடவில்லை. ஏற்றம் முழுக்க அது டிரம்மில் உரசிக் கருகிக்கொண்டிருந்தது. சூடேறிய லைனருக்குப் பிடிப்பு இருக்காது என்பதை நான் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

மேட்டிலிருந்த எடை போடும் இடத்தில் வண்டி நின்றது. அக்கா லீவரை இழுத்தார். மூன்று பல், கல் மாதிரி இறுக்கம். இறங்கிக் கட்டையைக் கையில் எடுத்தார்.

"அக்கா, என் மேல நம்பிக்கை இல்லையா? இன்னிக்குக் கட்டை வேண்டாம். எல்லாரும் பாக்கட்டும்" என்றேன்.

ஒரு நொடி யோசித்தார். கட்டையைத் திரும்ப வண்டியில் போட்டார். அதைப் பார்த்த ஒருவர், "பெரிய மெக்கானிக் வந்திருக்காங்க போல" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

ஐந்தாவது மூட்டை ஏற்றும்போது வண்டி நகர்ந்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. அக்கா ஓடிக் கதவைப் பிடித்தார், கை நழுவியது. வண்டிக்குப் பின்னால் நின்ற எடை போடுபவர் தராசை விட்டுவிட்டுத் தாவி விழுந்ததில் அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. தராசு நசுங்கியது. பிக்கப் தேயிலைச் செடிகளுக்குள் பின்பக்கமாகப் புகுந்து ஒரு சில்வர் ஓக் மரத்தில் இடித்து நின்றது. மரம் இல்லாவிட்டால் கீழே வீடுகள்.

அரை மணி நேரத்தில் ஏஜெண்ட் வந்தார். அடிபட்டவரை ஜீப்பில் அனுப்பிவிட்டு அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கட்டை ஏன் போடல?"

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகவோ கெஞ்சலாகவோ அல்ல, காத்திருப்பதுபோலப் பார்த்தார். நான் குனிந்து சிதறிக் கிடந்த இலையை அள்ளத் தொடங்கினேன்.

"மறந்துட்டேனுங்க" என்றார் அக்கா.

"பொம்பளைக்கு வண்டியக் குடுத்தது என் தப்பு" என்றார் ஏஜெண்ட். சாவியை வாங்கிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அதற்கு மேல் காரணம் தேட யாருக்கும் அவசியப்படவில்லை.

அடுத்த வாரம் டீக்கடையில் வண்டியின் புது டிரைவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "டிரம்மைக் கழட்டிப் பாத்தா லைனர் கரிக்கட்டையா இருக்குங்க. எவனோ மடையன் ஒயரை மட்டும் முறுக்கி வச்சிருக்கான்." ஏஜெண்டும் அங்கேதான் இருந்தார். "அதுக்கென்ன, கட்டை போட்டிருந்தா நின்னிருக்குமில்ல?" என்றார். அவன் இல்லை, அவள், அது நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. நான் டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்று சாயங்காலம் அக்காவைத் தேடிப் போனேன். மறுபடி கொழுந்துக்குப் போய் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். ஏஜெண்டிடம் நாளைக்கே எல்லாம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"இனி எதுக்கு? புது ஆளு வந்தாச்சு" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே, "நான் வாயத் தொறக்காதது உனக்காகன்னு நெனச்சுக்காத. ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து கெடுத்தாங்கன்னு சிரிப்பாங்க. அதக் கேக்க எனக்குத் தெம்பில்ல. ஆனா நீ சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றார்.

அக்கா என்னை உள்ளே கூப்பிடவில்லை, நானும் நிற்கவில்லை. அடுத்த மாதம் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பயணம் சொல்லப் போனேன். அவருடைய மகள் வந்து, அம்மா தூங்குறாங்க என்றாள். மணி காலை பத்து.

இப்போது ஒரு சர்வீஸ் சென்டரில் இருக்கிறேன். ஹேண்ட்பிரேக் என்று வண்டி வந்தால் முதலில் டிரம்மைத் திறக்கிறேன். உடன் வேலை செய்பவர்கள் என் நிதானத்தைக் கேலி பண்ணுகிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் அதற்குப் பிறகு எந்த ஏஜெண்டும் ஒரு பெண்ணிடம் சாவியைக் கொடுக்கவில்லை என்று அம்மா சொல்கிறார். கேபிளை முறுக்கியது தெரியாமல் செய்த தப்பு, அதை என்றாவது ஒருநாள் நானே மன்னித்துக்கொள்வேன். அக்கா என்னைப் பார்த்தபோது குனிந்து இலை அள்ளினேனே, அது தெரிந்தே செய்தது.