படிவத்தில் ஏறாத துவரை

அந்த வரைபடத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு கூட்ட அறை, சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம், கல்வராயன் மலை முழுக்கச் சிவப்பு. வெயில் ஏறி மழை குறைந்தால் இனி அங்கே சாமை விளையாது என்று கம்ப்யூட்டர் மாடல் சொல்கிறதாம். "அதனால இந்த வருஷம் விதைச் சாமை வேணாம், நடறதுக்கு மரவள்ளிக் குச்சி அனுப்பிடலாம்" என்றார் மலைக்காரர்களுக்கு விதை கொடுக்கும் எங்கள் திட்டத்தின் தலைவர். அந்த மனிதர் ஒருநாளும் மலையேறியதில்லை.

மாடலுக்கு விளைச்சல் கணக்கு எடுத்துக் கொடுத்தவள் நான். தியாகதுருகத்தில் பஸ் பிடித்து, வெள்ளிமலையில் இறங்கி நடந்து, மூன்று வருஷம் ஒரே அம்மாளின் காட்டில் சாமை அறுத்து எடை போட்டேன். அங்கே யாரும் சாமையைத் தனியாக விதைப்பதில்லை, துவரையைக் கலந்துதான் விதைப்பார்கள். சாமை ஐப்பசியில் வீட்டுக்கு வந்துவிடும், துவரை தை வரை நிற்கும். படிவத்திலோ பயிர் என்று ஒரே ஒரு கட்டம். நான் சாமை என்று எழுதினேன். பாதி மண்ணைத் துவரை பிடித்திருக்க, சாமை எடையை மொத்த நிலத்துக்குமாக வகுத்துப் போட்டேன். படித்தவள் பார்த்த வேலை!

மூன்றாம் வருஷம் மழை பொய்த்து, சாமை பதராகப் போனது. விதைக்கு வைத்திருந்ததையும் அந்த வீட்டில் பொங்கித் தின்றுவிட்டார்கள். தையில் நான் போனபோது அந்த அம்மாள் துவரை அடித்துக்கொண்டிருந்தார்.

"இது இருக்கங்காட்டி வவுறு காயல. விதைச் சாமை மட்டும் ஒரு மூட்ட அனுப்பச் சொல்லும்மா, மத்தத நான் பாத்துக்கறேன்."

கண்டிப்பாக வரும் என்று வாக்குக் கொடுத்தேன்.

கள்ளக்குறிச்சிக் கூட்டத்தில் எழுந்து இதையெல்லாம் சொன்னேன். "மாடல்ல ஒரு நிலத்துக்கு ஒரு பயிர்தாம்மா போட முடியும். நீங்க எழுதிக் குடுத்ததுதானே?" என்ற தலைவர், என் படிவத்தைக் கையெழுத்தோடு சுவரில் பெரிதாக்கிக் காட்டினார். யாரோ சிரித்தார்கள்.

ஆடியில் லாரி மலையேறியது. குச்சிக் கட்டுகளோடு நானும் போய் இறங்கினேன். அந்த அம்மாள் கட்டுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? நீ சொன்னத நம்பி நெலத்த ஓட்டி வெச்சிக்கினு குந்தியிருக்கறேன். வெதை எங்க?"

மாடல், வெயில், சிவப்பு என்று ஏதோ உளறினேன்.

"மழ இல்லாத வருசம் நாங்க இன்னா தின்னோம்னு அதுக்குத் தெரியாதா?"

எப்படித் தெரியும்? தையில் நான் கிளம்பும்போது, வேண்டாம் என்றாலும் கேட்காமல், என் பையில் இரண்டு படி துவரையைக் கொட்டி அனுப்பினார். அதில் சாம்பார் வைத்து, வயிறாரத் தின்று, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்துதான், அந்தப் படிவத்தில் அவர் காட்டில் விளைச்சல் ஒன்றுமில்லை என்று எழுதினேன்.