ஹரோல்டின் பெரிய சர்வோ

டம்பர் லாரி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஹரோல்ட், எதைப் பார்த்தாலும் எத்தனை டன் இழுக்கும் என்றுதான் கேட்பார். கல்யாண மாப்பிள்ளையைக்கூட அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். அவர் வீட்டில் ரிமோட்டில் ஓடும் குட்டி பெட்ரோல் கார் ஒன்றைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டினார். அதற்கு ரிமோட் சொன்னபடி அசையும் சர்வோ மோட்டார் இரண்டு வேண்டும்: முன்சக்கரத்தைத் திருப்ப ஒன்று, ஆக்சிலேட்டரை இழுக்க ஒன்று.

“பலமானதை ஸ்டியரிங்குக்குப் போடுங்கண்ணா. ஆக்சிலேட்டருக்குச் சின்னதே போதும்,” என்றான் நண்பன் கிளமெண்ட்.

“இன்னாப்பா பேசுற? வண்டியை இழுக்கறது எஞ்சின்தானே? பெருசு அதுக்குத்தான்!”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, ஆண்டர்சன்பேட்டை மைதானத்தில் கார் சீறிக் கிளம்பியது. மணலில் சக்கரத்தைத் திருப்பச் சின்ன சர்வோவுக்குத் தெம்பில்லை. கார் நேராகப் போய், ஹரோல்டின் மனைவி பிலோமினா மதியச் சாப்பாட்டுக்கு விரித்திருந்த பாயில் ஏறி, தயிர்ப்பச்சடியில் குளித்தது.

ஹரோல்ட் ஸ்க்ரூடிரைவரை எடுத்து இரண்டு சர்வோவையும் இடம் மாற்றினார். அடுத்த சுற்றில் கார் அழகாக வளைந்தது.

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே, ஸ்டியரிங்குக்குத்தான் பலம் வேணும்னு!” என்றார் ஹரோல்ட்.

கிளமெண்ட் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், பிலோமினா ஒரு தட்டு பிரியாணியை அவன் கையில் திணித்தாள்.

“பேசாம சாப்புடுப்பா. இருபது வருஷமா நானும் அதைத்தான் செய்றேன்.”