தம்பிக்குக் கொடுக்காத மருந்து

எந்த மருந்துக்கும் அடங்காத காசநோய்க் கிருமியைக் கொல்லும் பொருளைக் கம்ப்யூட்டரில் தேடுவதுதான் அவள் வேலை. லட்சக்கணக்கான வேதிப்பொருள்களைத் திரையிலேயே சலித்தெடுத்ததில் ஒன்று தேறியது. பரிசோதனைத் தட்டில் அது கிருமிகளை அடியோடு அழித்தபோது ஆய்வகமே துள்ளிக் குதித்தது. அவள் மட்டும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதே கிருமியோடுதான் அவள் தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

விஷயம் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தம்பியின் கட்டிலருகே, முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்: "நீ கண்டுபிடிச்ச மருந்துதானே? கொஞ்சம் எடுத்துட்டு வாயேன்டி."

"அதை இன்னும் எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கலம்மா."

"எலி பிழைச்சா என்ன, செத்தா என்ன? என் புள்ள கண்ணு முன்னாடி உருகிட்டிருக்கான்!"

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் அவள் ஆய்வகக் குளிர்பெட்டியைத் திறந்து அந்தக் குப்பியைக் கையில் எடுத்தேவிட்டாள். அதில் ஒட்டியிருந்த 'சோதனைக்கு மட்டும்' என்ற சீட்டைப் படித்தாள். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். அதன்பின் அம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பழைய ஊசிமருந்தே தம்பியைப் பிழைக்க வைத்தது. ஆனால் அது அவன் காதைப் பறித்துக்கொண்டது. அவன் வீடு திரும்பிய வாரம் சோதனை முடிவு வந்தது. புது மருந்து கொடுத்த எலிகளெல்லாம் ஈரல் கெட்டுச் செத்திருந்தன.

அவள் நேரே தம்பியிடம் போய் உட்கார்ந்தாள். "உனக்குக் கொடுத்திருந்தா நானே உன்னைக் கொன்னிருப்பேன்டா" என்றாள்.

அவன் அவள் உதடுகளையே உற்றுப் பார்த்தான். "என்னக்கா சொல்ற?"

ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். மறுநாள் தேடலை முதலிலிருந்து தொடங்கினாள், ஈரலையும் காதையும் தொடாத ஒரு பொருளுக்காக.