சோதனைக்கு ஒதுக்கிய முகம்

ஆவடிக் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்தபடியே பாடமும் நடத்தியவர் அவர். ஒல்லி. நம்மைப் பாராமல், கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டே பேசுவார். முகம் பார்த்து வருகை பதியும் செயற்கை நுண்ணறிவுதான் அவர் ஆய்வு. அது அங்கே படித்த என் மகளை மட்டும் அடையாளம் காணவில்லை. வருகை குறைந்ததால் பரீட்சை எழுத முடியாது என்றார்கள்.

"இன்னா சார், எதுர்லயே நின்னுகினு கீறேன், ஆப்சென்டா?" என்றாள் மகள்.

"உன் போட்டோவைக் காட்டினா அது கத்துக்கும். ஆனா நீ, காட்டாமலே கண்டுபிடிக்குதான்னு பாக்க, சோதனைக்குன்னு ஒதுக்கின முகம். இப்ப காட்டினா என் ஆய்வு கெட்டுடும்."

"கையால பதியக் கூடாதா சார்?" என்று கெஞ்சினேன்.

"கூடாது." பிறகு கணினித் திரையை மெல்லத் தடவினார். "அதைக் கோவிச்சுக்காதீங்க. பாவம், இப்பதான் கத்துக்குது."

அந்தப் பரீட்சையை என் மகள் எழுதவில்லை. ஒரு வாத்தியார் குரலில் அவ்வளவு கனிவை அதற்கு முன் நான் கேட்டதுமில்லை.