எதிர் நாற்காலி

கேரம் போர்டை எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது, என்னைத் தவிர. என் கணவருக்குப் பிடிக்காததற்குக் காரணம் பவுடர். ஆடி முடித்த பிறகு நான் எவ்வளவு துடைத்தாலும் தரையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அவர் குளித்துவிட்டு ஈரக்காலோடு வருவார், வழுக்கும். "இன்னாமே, என்ன ஒரேடியா அனுப்பிடலாம்னு முடிவு பண்ட்டியா?" என்பார். மகளுக்குப் பிடிக்காததற்குக் காரணம் இடம். ஒரு ஹாலும் ஒரு சமையலறையும்தான் வீடு. போர்டைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருப்பதால் கதவு முழுசாகத் திறக்காது. அவள் காலேஜ் பையோடு பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். மகன் கதை வேறு. அவனுக்கு கேரம் என்றால் உயிர். நான் ஆடுவதுதான் பிடிக்காது.

திருவொற்றியூரில் காலடிப்பேட்டைப் பக்கம், ரயில்வே லைனை ஒட்டி எங்கள் தெரு. கணவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். நான் எண்ணூர் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் நிற்கிறேன். வருகிற பெட்டியின் நம்பரையும் கதவில் போட்ட சீல் முத்திரையையும் பார்த்து உள்ளே விடுகிற வேலை. வெயிலில் வரிசையில் கிடந்து வெந்துபோய் வரும் டிரைவர்கள் அந்தக் கோபத்தை எல்லாம் முதலில் கொட்டுவது என் தலையில்தான். நானும் திருப்பிக் கொட்டுவேன். எனக்கு வாய் நீளம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். வாயில்லாத ஒருத்தியைக் கொண்டுவந்து அந்த கேட்டில் அரை நாள் நிற்க வையுங்கள், பார்க்கலாம்.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். எனக்கு மூன்று அண்ணன்கள். கேரத்தில் எதிரெதிரே உட்கார்ந்து ஜோடி போட்டு ஆட நாலு பேர் வேண்டும், அதனால் நான் நாலாவது கை. பிடித்துப்போய் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, ஆள் குறைந்ததால் சேர்த்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தே ஆடினேன், கொஞ்ச நாளில் மூன்று பேரையும் விட நன்றாக ஆடினேன். அண்ணன்களுக்கு மீசை முளைத்ததும் போர்டு தெருமுனை மன்றத்துக்குப் போய்விட்டது. என்னை வராதே என்று யாரும் சொல்லவில்லை. நான் வருவேன் என்று ஒருத்தருக்கும் தோன்றவே இல்லை. தடுத்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் பாரிமுனையில் ஒரு போர்டு வாங்கினேன். பிள்ளைகளுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். பிள்ளைகள் பேரைச் சொல்லிப் பெற்றவர்கள் தங்களுக்கு வாங்கிக்கொள்ளும் சாமான்கள் எல்லா வீட்டிலும் இருக்கின்றன, யாரும் ஒத்துக்கொள்வதில்லை. மகள் ரெண்டு நாள் ஆடிவிட்டு எழுந்து போய்விட்டாள். மகன் ஒட்டிக்கொண்டான். ஸ்ட்ரைக்கரைச் சுண்ட விரலை எப்படி மடிப்பது, காயின் எந்தப் பக்கம் பட்டால் எந்தப் பக்கம் ஓடும் என்று எல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சிவப்புக் காயைப் போட்டால் மட்டும் போதாது, அடுத்த அடியிலேயே நம் காய் ஒன்றையும் போட வேண்டும், அதுதான் ஃபாலோ. போடாவிட்டால் ரெட் திரும்ப நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று அவனுக்குச் சொன்னபோது அவன் அழுதான். "கஷ்டப்பட்டு போட்டத ஏன் திரும்ப எடுக்கறாங்கோ?" என்று கேட்டான். அவன் கண்ணைத் துடைத்துவிட்டு ரெட்டை நடுவில் வைத்தேன்.

அவனுக்கும் மீசை முளைத்தது, அவனும் எங்கள் தெரு மன்றத்துக்குப் போனான். இப்போது எங்கள் பக்கத்தில் அவனை ஆட்டக்காரன் என்று நாலு பேருக்குத் தெரியும். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் என் அண்ணன்களைச் சொல்லி, மாமாங்க என்பான். என் காதுபடவே ஒருமுறை சொன்னான். அன்றைக்கு அவனுக்குச் சோறு போடும்போது கரண்டியைத் தட்டில் கொஞ்சம் பலமாகவே வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் தனியாகத்தான் ஆடுகிறேன். சாயங்காலம் உலை வைத்துவிட்டு, போர்டை ஹாலில் போட்டு முதலில் துடைப்பேன். காலையில் துடைத்து வைத்திருந்தாலும் சாயங்காலத்துக்குள் துறைமுகத்துக் கரித்தூள் படிந்திருக்கும். இந்தப் பக்கம் உட்கார்ந்து வெள்ளைக் காய் ஆடுவேன், எழுந்துபோய் அந்தப் பக்கம் உட்கார்ந்து கறுப்புக் காய் ஆடுவேன். மழைக்காலத்தில் போர்டு ஈரம் இழுத்துக் காய் நகராது. மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டுக் காய வைத்துவிட்டு ஆடுவேன். யார்டில் மகளிர் தினத்துக்கு கேக் வெட்டியபோது, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெண் எல்லோருடைய பொழுதுபோக்கையும் கேட்டாள். சமையல், கோலம், சாமி பாட்டு என்று வரிசையாக வந்தது. நான் கேரம் என்றேன். "ஓ, சின்ன வயசுலயா?" என்றாள். "இல்லம்மா, நேத்து சாயங்காலம்" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு மன்றத்தில் கேரம் ஜோடிப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு ஸ்டாண்டு ஃபேன். பெண்களுக்குக் கோலப் போட்டியும் மியூசிக்கல் சேரும். மகனோடு ஜோடி போடுகிறவன் அவனுடைய தோஸ்து, மீனவக் குப்பத்துப் பையன், விசைப்படகில் தங்கலுக்கு, நாள்கணக்கில் கடலிலேயே இருந்து மீன் பிடிக்க, போகிறவன். பொங்கலுக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். போட்டியன்று காலையில் சேதி வந்தது: படகில் இன்ஜின் மக்கர், இன்னொரு படகு கட்டி இழுத்து வருகிறது, வந்து சேர நாளை ஆகும்.

மகன் ஹாலில் நின்று வரிசையாக போன் போட்டான். ஆடத் தெரிந்தவன் எல்லாம் ஏற்கனவே ஜோடி சேர்ந்திருந்தான். நான் வடைக்கு மாவு வழித்துக்கொண்டிருந்தேன்.

"நான் வரேன்" என்றேன்.

"எங்க?"

"உனக்கு எதிர்ல உக்கார."

சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "சும்மா இரும்மா. லேடீஸ்க்கு கோலப்போட்டி கீது, அதுல பேரு குடு."

"கோலம் வாசல்ல போட்டாச்சு. அதுல இன்னா போட்டி?"

"பசங்க கலாய்ப்பாங்கம்மா."

"யார? உன்னயா, என்னயா?"

அவன் போனில் அடுத்த நம்பரைத் தேடினான். என்னை யாராவது கலாய்த்தால் அவன் சட்டையைப் பிடிப்பான், அது எனக்குத் தெரியும். என்னால் அவனைக் கலாய்ப்பார்கள் என்பதுதான் அவனுக்கு பேஜார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. எனக்கு ஃபேன் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம். அவனுக்கு எதிரே போட்டிருக்கும் நாற்காலி வேண்டும், வீட்டுக்குள் அல்ல, தெருவில், நாலு பேர் பார்க்க. நாலாவது கையாக உட்கார்ந்ததெல்லாம் போதும் என்று இருந்தது.

"கூட்டிகினு போடா" என்றார் கட்டிலில் படுத்திருந்த கணவர். "இல்லாங்காட்டி சாயங்காலம் முழுக்க இங்க என் தாலிய அறுப்பா."

நான் நைட்டியின் மேல் துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மகள் தலையில் கை வைத்தாள். "மா, பொடவையாச்சும் கட்டிகினு போம்மா."

"பொடவ கட்னாத்தான் ஸ்ட்ரைக்கர் ஓடுமா?" என்று கேட்டுவிட்டு இறங்கினேன். மகன் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தான்.

தெருவில் போட்டிருந்த பந்தலில் மன்றத்துச் செயலாளர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதைக்காரர். "அக்கா, இது ஜென்ட்ஸ் ஆட்றது" என்றார்.

"எங்க அப்டி எழுதிப் போட்டுகீது? காட்டு."

போட்டியை அறிவித்த பேனரைத் திரும்பிப் பார்த்தார். அதில் அப்படி ஒன்றும் இல்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. பின்னாலிருந்து யாரோ, "ஆடட்டும் மாமு, ஒரு ரவுண்டு தான, போய்டுவாங்கோ" என்றான். எந்தக் காரணத்துக்காகக் கதவைத் திறந்தாலும் சரி, நான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்களுக்கு எதிராக ஆடியவர்கள் வியாசர்பாடியிலிருந்து வந்த அண்ணன் தம்பி. நல்ல கை. முதல் போர்டு ஆட்டத்திலேயே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது, என் மகன் அவன் ஆட்டத்தை ஆடவில்லை. வழக்கமாக அவன் சுண்டினால் காய் குழியில் விழும் சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். அன்றைக்கு மெதுவாகத் தட்டித் தட்டி, நான் எளிதாகப் போடுகிற மாதிரி காய்களைக் குழியின் வாயில் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தான். நான் போட வேண்டியது, அவன் வைக்க வேண்டியது. ஒன்றிரண்டு தரம் என்றால் ஆட்டத்தில் சகஜம் என்று விட்டிருப்பேன். எல்லாக் காயும் அப்படியே வந்தது.

"பாருடா, அம்மாக்கு ஊட்டி வுட்றான்" என்றான் கூட்டத்தில் ஒருத்தன். சிரிப்பு எழுந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. என் மகன் சின்ன வயதில் லேசில் சாப்பிட மாட்டான். ரயில்வே லைன் ஓரம் தூக்கிப்போய், கூட்ஸ் வண்டியின் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வாய் என்று ஊட்டுவேன். வண்டி சீக்கிரம் போய்விட்டால் அடுத்த வண்டிக்காகச் சோற்றுக் கிண்ணத்தோடு நின்றிருக்கிறேன். அப்படி வளர்த்தவன் இப்போது நாலு பேர் எதிரில் எனக்கு ஊட்டிக்கொண்டிருந்தான்.

பாயின்ட் ஏறக்குறைய சமமாக வந்து, கடைசி போர்டு எடுப்பவருக்கு மேட்ச் என்று நின்றது. எதிராளிகளுக்கு ஒரு வெள்ளைக் காய் மிச்சம். எங்களுக்கு ரெண்டு கறுப்பு. ரெட் இன்னும் போர்டில்தான். கறுப்பில் ஒன்று வழக்கம்போல இடது குழியின் வாயில், கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும். ரெட் வலது பக்கம், ஒதுங்கி, பக்கவாட்டில் மெலிசாகத் தொட்டு வெட்டினால்தான் விழும். என் முறை. எதிரே இருப்பவன் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. மகன் கண்ணாலேயே சொன்னான். வாயில் இருப்பதைப் போடு, அடுத்த அடியில் ரெட்டை ஓரத்துக்குத் தள்ளி ஒளித்து வை, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அது புத்திசாலித்தனமான ஆட்டம்தான். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ரெட்டுக்கு வைத்தேன்.

ரெட் வலது குழிக்குள் நழுவி விழுந்தது. கூட்டத்தில் விசில் பறந்தது. ஆனால் கட்டையில் மோதித் திரும்பி வந்த ஸ்ட்ரைக்கர் நேராகப் போய் இடது குழி வாயிலிருந்த எங்கள் காயைத் தட்டிக் கிளப்பியது. அது சறுக்கி வெள்ளைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ஃபாலோவுக்கு என்னால் ஆனதைச் செய்தேன். மற்ற காயைக் கட்டையில் அடித்துத் திருப்பினேன், குழி உதட்டில் பட்டு நின்றது. ரெட் நடுவுக்கு வந்தது. அண்ணன்காரன் அதை எடுத்தான், வெள்ளையால் ஃபாலோ பண்ணினான், முடிந்தது.

மகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "இன்னா ஆட்ற நீ? வாய்ல கீற காய வுட்டுட்டு எவனாவது ரெட்டுக்குப் போவானா? மொத்தமா சொதப்பிட்ட."

செயலாளர் அவன் தோளைப் பிடித்தார். "டேய், அம்மாடா."

"அம்மான்னா?" என்று கையை உதறினான். "இவங்க தான எனக்கு சொல்லிக் குடுத்தாங்க. ஸ்ட்ரைக்கர் திரும்பி எங்க வரும்னு பாக்காம அடிக்காத, பாக்காம அடிக்காதன்னு வெரல்லயே அடிச்சி சொல்லிக் குடுத்தாங்க. இப்ப அவங்களே பாக்காம அடிச்சா இன்னா அர்த்தம்?"

செயலாளர் என்னைப் பார்த்தார். வியாசர்பாடி அண்ணன் தம்பியும் பார்த்தார்கள். தான் என்ன சொன்னோம் என்பது மகனுக்குத் தெரியவில்லை, அவன் இன்னும் கோபத்தில் இருந்தான். அவன் ஆடக் கற்ற நாளிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது, அதனால் சண்டைக்குப் போனேன்.

"ரெட்டு வுழுந்துச்சா இல்லயா, அத சொல்லு."

"வுழுந்துச்சு. ஃபாலோ எங்க?"

"நீ மொத போர்டுலேந்து எனக்கு ஊட்டிகினு இருந்தா, நான் ரெட்டுக்குத்தான் போவேன்."

"நான் ஊட்டல."

"ஊட்டின."

வீடு வரைக்கும் இதே சண்டை. இந்த முறை அவன் எனக்கு முன்னால் நடக்கவில்லை. கையை ஆட்டிக் கத்திக்கொண்டே என் பக்கத்தில் வந்தான், கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த கணவர், "ஃபேன் எங்க?" என்று கேட்டார். ரெண்டு பேரும் ஒரே குரலில் சும்மா இருக்கச் சொன்னோம்.

அந்த அடிக்கு நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. ஸ்ட்ரைக்கர் திரும்பும் வழியைப் பார்க்காதது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ரெட்டுக்குப் போனது தப்பில்லை.

தோஸ்து மறுநாள் கரைக்கு வந்து சேர்ந்தான். அவன் வந்துவிட்டான், இனி நமக்கு ஹால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மகன் பவுடர் டப்பாவோடு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"வியாசர்பாடி பசங்க வந்துகீறாங்கோ" என்றான். "நம்மள கூப்பிட்றாங்கோ."

"உன் தோஸ்து எங்க?"

"அவன் கெடக்கறான், நீ வா." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "ஆனா ஒண்ணு. ரெட்டு நான் எடுப்பேன். நீ வாய்ல கீறத மட்டும் போடு."

கையைத் துடைத்துக்கொண்டு ஆணியிலிருந்து துப்பட்டாவை எடுத்தேன்.

"முடியாது" என்று சொல்லிவிட்டு அவனுக்கு முன்னால் தெருவில் இறங்கினேன்.